வேலிச் சண்டைக்குச் சரி, வீட்டு அடிக்கு?

எல்லைக் கதியாலைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சண்டை தொடங்கினால், போன காணி பெரும்பாலும் சின்ன விடயம். செத்த வீட்டுக்கு வராதது, சாமத்தியச் சடங்குக்குச் சொல்லாமல் விட்டது, கிணற்றடியில் யாரோ சொன்ன ஒரு சொல், எல்லாம் அந்த ஒரு சாணுக்குள் கிடக்கும். நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பி எல்லையைச் சொல்லிவிடும். மற்றதையெல்லாம் கேட்க அதற்கு நேரமில்லை, அது அதன் வேலையுமில்லை. மத்தியஸ்த சபை, சனங்கள் சொல்லும் இணக்கசபை, பெறுமதி கொள்வது இங்கேதான்.

இலங்கையில் இது இரண்டாவது முயற்சி. 1958இல் கொண்டுவந்த இணக்கசபைகளில் நியமனம் அரசியல்வாதிகளின் கைக்குப் போய், கட்சிக்காரர் ஊர் வழக்குப் பேசத் தொடங்கியதும் மதிப்புக் கெட்டது; 1978இல் அவை ஒழிக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. மத்தியஸ்தர்களை நியமிக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற நீதியரசர்கள் இடம்பெறும் ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. இன்று நாடெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட சபைகள் உண்டு. வடக்கில் அவை பரவலாக வேரூன்றியது போர் முடிந்த பிறகு.

வார இறுதியில், ஒரு பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ சபை கூடும். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. மத்தியஸ்தர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர். அங்கே பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக்க இயலாது; ஆகவே வாய் திறந்து பேசலாம். இவ்வளவு மலிவாகவும் விரைவாகவும் ஒரு பிணக்கைக் கேட்கும் வேறு அரச அமைப்பு நாட்டில் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் சபை தீர்ப்புச் சொல்லாது. “அவன் செய்தது பிழை” என்று நாலு பெரியவர் வாயால் கேட்க வேண்டும் என்று போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். இரு தரப்பும் உடன்பட்டால் இணக்கம் எழுதப்படும். இல்லையேல் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். மத்தியஸ்தர் பலருக்கே இது முழுதாகப் பிடிபடுவதில்லை. ஓய்வுபெற்ற அதிபர்கள் இந்தப் பணிக்கு நிறைய வருகிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவர், சில நாள் பயிற்சியோடு புத்தி சொல்வதை நிறுத்திக் கேள்வி கேட்கப் பழகுவது இலேசான காரியமா?

என்னுடைய பெரிய குறை வேறு. குறித்த தொகைக்கு உட்பட்ட கடன், சேதப் பிணக்குகளைச் சபைக்குக் கொண்டுபோகாமல் வழக்குப் போட முடியாது. தொடக்கத்தில் 25,000 ரூபாவாக இருந்த அந்த எல்லை பின்னர் இரண்டரை இலட்சமாகவும் ஐந்து இலட்சமாகவும் உயர்ந்தது. இந்தக் கட்டாயம் இருப்பதால்தான் முறைப்பாட்டை அலட்சியம் செய்கிற வசதியான அயலவரும் வந்து உட்காருகிறார். அதே கட்டாயம் வங்கிகளின் கடன் கோவைகளையும் கட்டுக்கட்டாகச் சபைக்குக் கொண்டுவருகிறது. வங்கி அதிகாரிக்கும் கடன்பட்ட தோட்டக்காரருக்கும் இடையில் மீட்டெடுக்க என்ன உறவு இருக்கிறது? வட்டி சரியா என்று சபை ஆராய்வதில்லை. தவணை குறித்துக் கொடுக்கிறது. வழக்குச் செலவில்லாமல் தவணை கிடைப்பது கடனாளிக்கும் ஓர் ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்களின் விடுமுறை நாள் வங்கிக்கு இலவச வசூல் மேசையாகிவிடுகிறது.

வீட்டு வன்முறையில் இந்தப் பேசித் தீர்க்கும் முறை ஆபத்தாகவே மாறுகிறது. விவாகரத்து வழக்கு சபைக்குப் போகத் தேவையில்லை என்று சட்டம் விலக்கியிருக்கிறது. ஆனால் கணவன் அடித்த அடி ‘சாதாரண காயம்’ என்ற தலைப்பில் பொலிஸ் வழியாக அங்கே வந்து சேரலாம். அடித்தவரும் அடிவாங்கியவரும் சமமான இரு தரப்பாக உட்கார வைக்கப்படுகிறார்கள். எதிரே இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். “பிள்ளைகளை நினைத்து விட்டுக்கொடு அம்மா” என்ற வார்த்தை யாரை நோக்கிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் அந்த வழியைக் காட்டாமல் சபைக்கு அனுப்புவது, தன் மேசையைத் துப்புரவாக்கும் வேலை. இத்தகைய முறைப்பாட்டைப் பேசித் தீர்க்க எடுக்காமல் திருப்பி அனுப்பும் துணிவு மத்தியஸ்தருக்கு வேண்டும்.

பேசித் தீரக்கூடிய பிணக்கோடு போகிறவருக்கும் ஒரு சொல். எழுதிய இணக்கத்தை மற்றவர் மீறினால் சபையால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வழக்குக்குத்தான் போக வேண்டும். ஆகவே ‘இரு தரப்பும் இனி ஒற்றுமையாக இருப்பர்’ என்ற வரியோடு கையெழுத்து வைக்காதீர்கள். கதியாலை யார் பிடுங்குவது, எந்தத் திகதிக்குள், புது வேலிக்கு யார் எவ்வளவு கொடுப்பது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையெல்லாம் அந்தக் கடதாசியிலேயே எழுதுவியுங்கள்.