அறிந்தவள் யார்?

‘இதுகாறும் கண்டவற்றால்… என்பது அறியப்படுகிறது.’ என் மாணவிகளின் கட்டுரைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. என் முனைவர்பட்ட ஆய்வேடும் அப்படித்தான் முடிந்தது. இயல்கள்தோறும் வாதாடிய பெண், முடிவுரைக்கு வந்ததும் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்கிறாள்.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென ஓர் அறை’ (1929) முடியும் விதத்தைப் பாருங்கள். 1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு மகளிர் கல்லூரிகளில் பேசியதிலிருந்து வளர்ந்த நூல் அது. பெண் எழுத ஆண்டுக்கு 500 பவுண்டும் தாழிடக்கூடிய அறையும் வேண்டும் என்பது அவர் வாதம். முடிவில் அதை நினைவூட்டுகிறார், அதோடு நிறுத்துவதில்லை. ஒரு சொல்கூட எழுதாமல் செத்துப்போனதாகத் தாம் கற்பனை செய்த ஷேக்ஸ்பியரின் தங்கையைத் திரும்ப அழைக்கிறார். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதால் கூட்டத்துக்கு வர இயலாத பெண்களுக்குள்ளும் அவள் வாழ்கிறாள் என்கிறார். நாம் உழைத்தால் அவள் வருவாள். வறுமையிலும் அந்த உழைப்பு தகும் என்று முடிக்கிறார்.

இங்கே எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. பணமின்றி எழுத முடியாது என்றவர், வறுமையிலும் உழைக்கச் சொல்லலாமா? ஆனால் அவர் அந்த முரணைப் பூசி மெழுகவில்லை. அறையும் சம்பளமும் இல்லாத என் மாணவிக்கு அந்த முரணில்தான் இடமிருக்கிறது.

ஆகவே தோழிகளே, முடிவுரையில் தீராத கேள்வியைத் தீராததாகவே வையுங்கள். ‘அறியப்படுகிறது’ என்பதை அடித்துவிட்டு, ‘அறிந்தேன்’ என்று எழுதுங்கள்.