ஹார்ட் டிஸ்க்குக்குக் காது கொடுங்கள்

அருப்புக்கோட்டையில் விசைத்தறித் தெருவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தறி சீராக ஓடுகிறதா, எங்கேயாவது இழுக்கிறதா என்பதை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். பழைய கம்ப்யூட்டரை ரசிக்க அந்தக் காது போதும்.

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்த டி.டி.பி. கடைகளில் 2000 வாக்கில் ஓடிய பென்டியம் பெட்டிகளைப் பரணில் தேடுங்கள். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். கரிசல் தூசியைத் தட்டி, போர்டில் கெபாசிட்டர் எதுவும் உப்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அறையின் ஃபேனை அணைத்துவிடுங்கள்.

முதலில் தாழ்ந்த குரலில் தொடங்கி மேலே ஏறும் ஒரு ஊளை. ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் வேகம் பிடிக்கின்றன. 5,400 ஆர்.பி.எம். டிஸ்க் என்றால் நொடிக்கு 90 சுற்று. 7,200 என்றால் 120. அந்தச் சுற்றுதான் உங்கள் காதில் விழும் ரீங்காரம். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிஸ்க்கின் மேல்மூடியில் மெல்ல வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். மெக்கானிக் கடையில் இன்ஜின் பார்ப்பது இப்படித்தான்.

அடுத்து 'கரகர'. காந்தத்துக்கு நடுவே இருக்கும் கம்பிச்சுருள் ஒரு கையைத் தள்ளி, அதன் நுனியில் படித்து எழுதும் ஹெட்டைத் தட்டின் மேல் இங்குமங்கும் ஓட்டுகிறது. ஹெட் தட்டைத் தொடுவதில்லை. இடையே உள்ள காற்று, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. நம் ஊர்த் தூசியில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

விண்டோஸ் 98-இல், சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் ஓட விடுங்கள். திரையில் கட்டங்கள் நிறம் மாற மாற உள்ளே ஹெட் நகர்வதைக் கேட்கலாம். ஒரு இயந்திரம் தன் வேலையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது எனக்கு இன்றும் மரியாதைக்குரிய விஷயம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வேகமானது, ஆனால் வேலை செய்கிறதா, தூங்குகிறதா என்று காதுக்குத் தெரியாது.

ரசிக்க ஆகச் சிறந்த இடம் கரண்ட் போகும் நொடி. திருச்சுழிப் பக்கம் அதைக் கேட்காதவர் யார்? மானிட்டர் இருண்டதும் ஒரு 'டொக்', பிறகு ரீங்காரம் இறங்கி அடங்கும். மின்சாரம் நின்றபின்னும் சுழலும் தட்டுகளின் வேகத்திலிருந்தே மோட்டார் கொஞ்சம் மின்சாரம் எடுத்து, ஹெட்டைப் பத்திரமான ஓரத்துக்கு அனுப்புகிறது. அதற்கு முந்தைய தலைமுறை டிஸ்க்குகள் பலவற்றில், அணைக்குமுன் 'பார்க்' கட்டளையை நாமே கொடுக்க வேண்டியிருந்தது.

1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. கொண்டது 50 லட்சம் எழுத்துகள். அங்கிருந்து வந்த வம்சம் இது. 2000-க்குப் பிறகு பால் பேரிங் போய் எண்ணெய்ப் படல பேரிங் பரவியதும் சத்தம் பெருமளவு அடங்கியது.

ஒரே தாளத்தில் 'டக்... டக்...' என்று திரும்பத் திரும்ப அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள், டிஸ்க் சாகப்போகிறது. அதனால், நன்றாக ஓடும்போதே அதிலுள்ள குடும்பப் படங்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.