ஓட்டை வாளியும் கண்மாய் மடையும்

கணிப்பொறி வலையமைப்பு பற்றிய பாடநூல்களில், டானன்பாம் எழுதிய புகழ்பெற்ற நூல் உட்பட, நெரிசலைத் தவிர்க்கும் முறையை விளக்க ஒரு வாளிப் படம் வருவதுண்டு. மேலிருந்து தண்ணீர் கண்டபடி கொட்டுகிறது; அடியிலுள்ள ஓட்டை வழியே ஒரே சீராகச் சொட்டுகிறது. போக்குவரத்தைச் சீர்ப்படுத்தி அனுப்புதல் என்பது இதுதான் என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. படம் எளிது, ஆனால் பிரேம் ரிலே வலையமைப்பில் நடந்தது இதுவன்று.

பிரேம் ரிலே என்பது யாது? தொலைவிலுள்ள அலுவலகங்களின் கணிப்பொறிகளை இணைக்க 1990களில் உலகெங்கும் பரவிய முறை இது. இதற்கான அடிப்படைப் பரிந்துரை 1988இல் வெளியாயிற்று. இன்று இம்முறை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. செய்தியானது சட்டகம் எனப்படும் துண்டுகளாகச் செல்லும். பல வாடிக்கையாளர்கள் ஒரே பெருவழியைப் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவருக்கும் நொடிக்கு இத்தனை பிட் என்று ஓர் உறுதிவேகம் உண்டு. அதற்கு மேலும் அனுப்பலாம். ஆனால் அந்தச் சட்டகங்களின் மேல், நெரிசல் வந்தால் முதலில் எறியத்தக்கவை என்னும் குறி விழும்.

பசுவந்தனையில் ஒரு வங்கிக் கிளையும் சென்னையில் அதன் தலைமை அலுவலகமும் இவ்வாறு இணைக்கப்பட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். சென்னை முனையில் நொடிக்கு 2,048 கிலோபிட் செல்லும் இணைப்பு; பசுவந்தனை முனையில் 64 கிலோபிட்தான். சென்னை தன் முழு வேகத்தில் கொட்டினால், பசுவந்தனைக்கு முந்திய இணைப்பகத்தில் சட்டகங்கள் குவியும். இடம் போதாதபோது எறியப்படும். ஆகவே சென்னையிலுள்ள வழிச்செலுத்திக் கருவியே 64 கிலோபிட்டுக்கு மேல் போகாதவாறு அடக்கி அனுப்ப வேண்டும்.

எப்படி அடக்கும்? இணைப்பின் வேகத்தை அதனால் குறைக்க இயலாது. ஏறிய பிட் 2,048 கிலோபிட் வேகத்தில்தான் ஓடும். எனவே நொடியை எட்டுக் கூறாக்கி, கூறு ஒன்றுக்கு 8,000 பிட் மட்டும் விடுகிறது. அதற்கு ஏறத்தாழ 4 மில்லிநொடி போதும். மிச்சமுள்ள 121 மில்லிநொடியும் சும்மா காத்திருக்கும். பிறகு மறுபடி 4 மில்லிநொடிப் பாய்ச்சல். சொட்டுவது எங்கே? இது கரிசல் சீமைக் கண்மாயில் முறை வைத்து மடை திறப்பது போன்றது. திறந்தால் மடை கொண்டமட்டும் பாயும், அடைத்தால் ஒன்றுமில்லை, முறை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அளவு சரியாக வரும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தொலைபேசிக் குரலைச் சுமந்த சட்டகம் அந்த 121 மில்லிநொடிக்குள் அகப்பட்டால் பேச்சு திக்கும். அதனால் குரல் செல்லும் இடங்களில் கூற்றை 10 மில்லிநொடியாகச் சுருக்கினார்கள். 64 கிலோபிட் வேகத்தில் அஃது 640 பிட், அதாவது 80 பைட். நீண்ட சட்டகங்களை அந்த அளவுக்கு நறுக்கவும் வேண்டியதாயிற்று. வாளிப் படத்தை மட்டும் பார்த்த மாணவர் இதை எங்ஙனம் ஊகிப்பார்?

கண்மாய் உவமையும் ஓரிடத்தில் கைவிடும். மறுகால் பாய்ந்த தண்ணீர் திரும்பி வருவதில்லை. எறியப்பட்ட சட்டகமோ திரும்பி வரும்! அது போய்ச் சேரவில்லை என்று கண்டதும், அனுப்பிய கணிப்பொறி மீண்டும் அனுப்புகிறது. நெரிசல் நேரத்திலேயே சுமை கூடுகிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், அதிலிருந்து சுமார் 400 கெஜ தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. அதன்பின் வான் ஜேக்கப்சன், இழப்பைக் கண்டதும் கணிப்பொறி தானே வேகம் தணியும் முறையை வகுத்து 1988இல் வெளியிட்டார்.

இழப்பு நேரும்வரை காத்திருப்பானேன்? ஒரே ஒரு பிட்டால் முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று அதே 1988இல் காட்டியவர்கள் கே. கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும். இருவரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர்கள். பிரேம் ரிலேயிலும் அத்தகைய எச்சரிக்கைப் பிட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று பெறுபவரை நோக்கிச் செல்லும். மற்றது அனுப்புபவரை நோக்கித் திரும்பும். நல்ல கருத்துதான். ஆனால் திரும்பும் பிட், எதிர்த்திசையில் சட்டகம் வந்தால்தான் அதன்மேல் ஏறி வர முடியும். வந்தாலும் வழிச்செலுத்தியோடு நின்றுவிடும். செய்தியை உற்பத்தி செய்யும் கணிப்பொறிக்கு எட்டாது. சில வழிச்செலுத்திகள் எச்சரிக்கை வந்த ஒவ்வொரு கூற்றிலும் வேகத்தைக் கால் பங்கு குறைத்தன; பல கருவிகள் பொருட்படுத்தவேயில்லை. கேட்டு அடங்கியவன் விட்ட இடத்தைக் கேளாதவன் பிடித்துக்கொண்டான். கடைமடைக்காரனிடம் கேட்டால் இந்த நியாயத்தை விளக்கிச் சொல்வான்.

வணிகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உறுதிவேகம் சுழி என்று எழுதி, மலிவாக இணைப்பு விற்றவர்களும் உண்டு. அந்த வாடிக்கையாளரின் ஒவ்வொரு சட்டகமும் எறியத்தக்கதே. கண்மாயில் பங்கே இல்லாதவனுக்கு எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது?

2001இல் ராமகிருஷ்ணன், சாலி பிளாய்டு, டேவிட் பிளாக் ஆகியோர் எச்சரிக்கைப் பிட்டை இணைய நெறிமுறையின் தலைப்பிலேயே வைக்கும் முறையை வகுத்தனர். அது பெறும் கணிப்பொறி வரை சென்று, அங்கிருந்து அனுப்பிய கணிப்பொறிக்கே தெரிவிக்கப்படுகிறது. பிரேம் ரிலேயில் முறிந்துபோன கண்ணி இதுவே. பாடநூலில் வாளிக்குப் பக்கத்தில், 4 மில்லிநொடிப் பாய்ச்சலையும் 121 மில்லிநொடி ஓய்வையும் காட்டும் ஒரு காலக்கோட்டை வரைய அரைப்பக்கம் போதும்.