ஜிப்ஸி எஞ்சினை நம்பிப் பறக்கலாமா?

மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின்: 1,298 சிசி, நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன். கார் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, பல் வைத்த பெல்ட்டில் ஓடும் வேகக்குறைப்பானைப் பூட்டி, அதன் நுனியில் மரப் புரொப்பெல்லரை மாட்டியிருக்கிறார்கள். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில், நண்பரின் பட்டறைக்குப் பின்னால், கான்கிரீட்டில் பதித்த இரும்புச் சட்டத்தில் இதை ஓட்டிப் பார்த்தேன்.

சொந்தமாக இலகு விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்களைக் கார் எஞ்சின் பக்கம் இழுப்பது விலைதான். இலகு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினைப் புதிதாக வாங்கப் பல லட்சம் ஆகும். ஓடின ஜிப்ஸி எஞ்சின் அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும். யோசனையும் புதிதல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929லேயே ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினை வைத்துப் பறந்தார். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சின் இன்றும் சிறு விமானங்களில் ஓடுகிறது. ஜிப்ஸி எஞ்சின் சேர்ந்த சுசூகி குடும்ப எஞ்சின்களையும் வட அமெரிக்காவில் பலர் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் ஐட்லிங்கில் சட்டமே அதிர்ந்தது. பெல்ட் படபடவென்று அடித்தது. வேகத்தைக் கூட்டியதும் அந்தச் சத்தம் அடங்கிப் புரொப்பெல்லர் சீராக இழுக்கத் தொடங்கியது. எனக்குக் கவலை தருவது ஐட்லிங்கில் கேட்ட அந்தப் படபடப்புதான்.

எஞ்சின் தன் முழு சக்தியைத் தருவது 6,000 ஆர்பிஎம்மில். அதே வேகத்தில் 1.7 மீட்டர் புரொப்பெல்லரைச் சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 530 மீட்டருக்கு மேல் ஓடும். அது ஒலியின் வேகத்தைவிட மிக அதிகம். இழுவிசை போய்ச் சத்தம்தான் மிஞ்சும். 2.5க்கு 1 என்று குறைத்தால் நுனி வேகம் 214 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆகவே குறைப்பான் இல்லாமல் முடியாது. ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சின் கிராங்க்‌ஷாஃப்ட்டின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு உதை கொடுக்கிறது. கனமான புரொப்பெல்லரோ சீராகச் சுற்றவே பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது குறைப்பான். ஏதோ ஒரு வேகத்தில் இந்த உதைகள் அமைப்பின் இயல்பான அதிர்வோடு சேர்ந்துவிட்டால் பெல்ட்டும் ஷாஃப்ட்டும் வெகு சீக்கிரம் தேயும். ரோட்டாக்ஸே தன் எஞ்சினை 1,400 ஆர்பிஎம்முக்குக் கீழே ஐட்லிங்கில் விடக் கூடாது என்கிறது. இந்த எஞ்சினுக்கும் ஐட்லிங்கை உயர்த்தி, ஷாஃப்ட்டில் ரப்பர் இணைப்பு வைத்தே ஆக வேண்டும். பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் எஞ்சின் அல்ல, இந்தக் குறைப்பான்தான்.

அடுத்தது சூடு. நெடுஞ்சாலையில் சீராகப் போகும் கார் தன் சக்தியில் சிறு பகுதியைத்தான் செலவிடுகிறது. விமானம் முழு த்ராட்டிலில் மேலேறி, பிறகு முக்கால் சக்தியில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். முழு த்ராட்டிலில் வைத்திருந்தபோது கூலன்ட் முள் ஏறிக்கொண்டே போனது. பெரிய ரேடியேட்டர் வேண்டும். அதற்கு எடை கூடும். ரோட்டாக்ஸ் 912 சுமார் 60 கிலோ. இது முழுதாகப் பூட்டி முடிக்கும்போது அதைத் தாண்டிவிடும். மைசூரு கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து 80 குதிரைத்திறனில் ஐந்தாறு தரையிலேயே போய்விடும்.

மூன்றாவது கவலை இக்னிஷன். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் கணமே எஞ்சின் நின்றது. ரோட்டாக்ஸில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு இக்னிஷன். ஒன்று போனாலும் மற்றது தரைவரை கொண்டுவந்து சேர்க்கும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கவலைக்குரியது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். ரோட்டாக்ஸ் 912க்கே 10 சதவீதம்தான் வரம்பு.

பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகமான என்ஏஎல், தான் வடிவமைத்த ஹன்சா-3 என்ற சிறு விமானத்துக்கு ரோட்டாக்ஸ் 914ஐத் தேர்ந்தெடுத்தது. அத்தனை ஆய்வக வசதி உள்ளவர்களே விமானத்துக்கென்று செய்த எஞ்சினை நாடினார்கள் என்பதை இப்படிக் கார் எஞ்சினை மாற்றும் பட்டறைகள் கவனிக்க வேண்டும். அனுமதியும் சுலபமல்ல. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017ல்தான் பதிவு கிடைத்தது.

பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மைசூருவின் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இன்றுள்ள நிலையில் இதை நம்பி ஒரு மனிதர் மேலே போகக் கூடாது. இரண்டாவது இக்னிஷன், புதிய இணைப்பு, பெரிய ரேடியேட்டர் மூன்றையும் சேர்த்தால் எஞ்சின் விலையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று நண்பரிடம் சொன்னேன். அவற்றைப் பொருத்தி, இதே சட்டத்தில் குறைந்தது நூறு மணி நேரம் முக்கால் சக்திக்கு மேல் ஓட்டிவிட்டு, குறைப்பானைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்து பார்க்கட்டும். விமான உடலுக்கு ஆர்டர் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.