‘இருக்கலாம்’ என்று எழுதக் கற்பது

பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன் என்று தெரிந்ததும் இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். “அப்புறம் எப்படிங்க எழுத்துப் பக்கம் வந்தீங்க?” வழி தவறி வந்தவனை விசாரிக்கிற மாதிரியே இருக்கும். எழுத்து என்பது நூலகத்திலும் தமிழ்த்துறையிலும் வளர்வது, ஆய்வகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற முன்முடிவு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. என் விஷயத்தில் நடந்தது வேறு. வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் படித்த மூன்று வருடத்தில், ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று எனக்குக் காட்டியது துணைப்பாடமாக வந்த வேதியியல் செய்முறை வகுப்புதான்.

உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு அந்தப் பக்கம் நினைவிருக்கும். மூன்று கட்டங்கள்: சோதனை, அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ். உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் குச்சியைக் குழாயின் வாயருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை எழும். வெண்புகை நடுக் கட்டத்துக்கு உரியது. அம்மோனியம் மூன்றாவது கட்டத்துக்கு உரியது. இடம் மாற்றி எழுதினால் மார்க் போச்சு. அதிலும் முதல்நிலைச் சோதனைகளில் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுத முடியும். உறுதிச் சோதனை முடிந்த பிறகே ‘இருக்கிறது’ என்று எழுதலாம். கண்டது வேறு, அதிலிருந்து நான் எடுத்த முடிவு வேறு. அந்த முடிவிலும் எனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதை வினைமுற்று சொல்லிவிட வேண்டும். உரைநடைக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு இப்போது வருகிற கதைகளைப் படித்துப் பாருங்கள். ‘சோகம் படிந்த முகம்’, ‘வன்மம் நிறைந்த பார்வை’ என்று பக்கம் பக்கமாக மூன்றாவது கட்டம் மட்டுமே நிரம்பியிருக்கும். அந்த முகத்தில் என்னதான் இருந்தது? அது எழுதப்படவே இல்லை. வாசகருக்குத் தீர்ப்பு மட்டும் வருகிறது, சாட்சி வருவதில்லை. சரிபார்க்க வழியில்லாத வாக்கியத்தை அவர் நம்பலாம் அல்லது தாண்டிப் போகலாம், அவ்வளவுதான்.

அதற்காக அறிவியல் படித்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சொல்லவில்லை. ரெக்கார்ட் நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும் உலகம் அது. விடை முதலிலேயே தெரியும், ரீடிங் பின்னால் வந்து பொருந்தும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையில், யாரும் செய்யாத சோதனைகள் தாமாகவே ‘செய்யப்பட்டன’. ‘நான்’ இல்லாமல் எழுதுவதுதான் அறிவியல் என்று அங்கே நம்பவைத்துவிடுகிறார்கள். 1953-இல் டி.என்.ஏ.வின் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரையோ ‘நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. சொல்வதற்குப் பொறுப்பேற்கிற ஆள் அதில் இருக்கிறார்.

அறிவியல் படித்த தமிழ் எழுத்தாளர் என்றதும் எல்லோருக்கும் சுஜாதா ஞாபகம் வரும், நியாயம்தான். ஆனால் அவரிடமிருந்து நாம் பெரும்பாலும் ரோபோவையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டோம். கல்லூரி வகுப்பு ஒருவரின் பார்வைக்குள்ளேயே எப்படிப் போய் உட்காருகிறது என்று பார்க்க நான் திரும்பத் திரும்பப் போவது மா. கிருஷ்ணனிடம் (1912–1996).

அவருக்கு இலக்கியம் வீட்டிலேயே இருந்தது. அப்பா ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் பேராசிரியர் ஃபைசன், தென்னிந்திய மலைத் தாவரங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் போன கிருஷ்ணன், ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். செடியை வரைகிறவர் ‘அழகான இலை’ என்று எதையும் வரைய முடியாது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாற்றி மாற்றி அமைந்திருக்கிறதா, விளிம்பில் பல் உண்டா என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தாக வேண்டும். 1950 முதல் 1996 வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் எழுதிய பத்தியிலும், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலின் தமிழ்க் கட்டுரைகளிலும் எனக்குத் தெரிவது அந்தக் கைப்பழக்கம்தான். காக்கையும் அணிலும் நமக்கு நீதி சொல்ல வருவதில்லை, தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகின்றன. அவர் பொறுமையாக நடுக் கட்டத்தை நிரப்புகிறார்.

என் வாசிப்பில் அவருக்கு ஒரு குறையும் உண்டு: அவர் காட்டில் மனிதர்கள் குறைவு. கல்வராயன் மலையடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு இது உறுத்தும். எங்களுக்கு மலை என்றால் கோமுகி அணைக்குப் பின்னால் தெரிகிற நீலம் மட்டும் கிடையாது, கடுக்காய் மூட்டையோடு இறங்கி வருகிற மலையாளிப் பழங்குடி மக்களும்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது இது வெறும் ரசனைப் பிரச்சினையாக எனக்கு இருக்கவில்லை. கவிதைகளும் பதிவுகளும் வந்து குவிந்தன. “எல்லாம் மலையில காய்ச்சுறதுதான்” என்று பேச்சோடு பேச்சாக ஒரு மலையையே குற்றவாளியாக்கினார்கள். மூன்றாவது கட்டம் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. நான் நோட்டில் நடுக் கட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சினால் கிடைப்பது பெரும்பாலும் எத்தனால். ஆளைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படுகிற கரைப்பான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். இவ்வளவையும் எழுதிய பிறகு ‘மலை’ என்கிற விடை தானாகவே ஆட்டம் கண்டது. கேள்வி வேறு திசைக்குத் திரும்பியது: தொழிற்சாலைச் சரக்கு கூலிக்காரர் கையில் இருக்கும் பாக்கெட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அந்தப் பாக்கெட்டை வாங்கியவர் ஏன் வாங்கினார், அவர் வீட்டில் மறுநாள் அடுப்பை யார் பற்றவைத்தார்கள் என்பதற்கு உப்புப் பகுப்பாய்வில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை வரைய வேண்டியது இலக்கியம். ஆனால் நடுக் கட்டம் காலியாக இருக்கும்போது வரைந்தால் அங்கே வந்து விழுவது நம்முடைய பரிதாபம் மட்டும்தான்.

எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் கதையில் ஒரு பக்கத்தை எடுங்கள். கண்டதை நீலத்திலும், முடிவு கட்டியதைச் சிவப்பிலும் அடிக்கோடிடுங்கள். சிவப்பு நிறைய இருந்தால் பதற வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மேலே அதைத் தாங்குகிற நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில், இப்போதைக்கு, ‘இருக்கலாம்’ என்று எழுதி வையுங்கள்.