தெற்கு வாசலும் ஊவா மலைச்சரிவும்

சீனரின் ஃபெங் சுயியில் தெற்கு பார்த்த வாசல் உத்தமம். நம் மனையடி சாஸ்திரக்காரருக்குத் தெற்கு எமதிசை, கூடுமானவரை தவிர்க்க வேண்டியது. இலங்கையின் ஊவாவில் தோட்ட லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிற குடும்பம் வாசலை எங்கே வைப்பது என்று கேட்டால், இவற்றில் எதைச் சொல்வது? இரண்டையும் கலந்து ஒரு சமரசம் சொல்லிவிடலாம். அது திறனாய்வு ஆகாது. விதி எந்தக் காரணத்தில் நிற்கிறது, அந்தக் காரணம் இங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபெங் சுயிக்குள் இரண்டு மரபுகள். மலை, பள்ளம், நீரோட்டம் என நிலத்தின் வடிவத்தைப் படிப்பது ஒன்று. திசைகாட்டியையும் காலக்கணக்கையும் வைத்துக் கணிப்பது மற்றொன்று. வடிவ மரபு அவதானத்தில் பிறந்தது. வட சீனத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசும். சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். வடக்கே மலையைக் காவலாக்கித் தெற்கே வாசல் திறந்தவன் குளிரைத் தடுத்தான், வெயிலைப் பெற்றான். அங்கே விதியும் காரணமும் பொருந்தின. ஊவாவின் பதுளையோ ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இங்கே பெருமழையைக் கொண்டுவருவதில் வடகீழ்ப் பருவக்காற்றுக்கே முதலிடம். ஆடி, ஆவணியில் வரும் தென்மேல் காற்று, மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் அந்த வறட்சியின் கொடை. ஆக, தெற்கு வாசலுக்கான காரணம் சீனத்திலேயே நின்றுவிட்டது, விதி மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தெற்கை விலக்கும் நம் விதிக்கும் இந்த மலையில் ஆதாரம் இல்லை.

திசைகாட்டி மரபின் குறை இன்னும் ஆழமானது. எட்டு மாளிகை முறை குடியிருப்பவரின் பிறந்த ஆண்டைக் கேட்கும். பறக்கும் விண்மீன் முறை 20 ஆண்டுக் கட்டங்களைக் கணக்கிடும். 2024இல் ஒன்பதாம் கட்டம் தொடங்கியதாம். அமெரிக்காவில் பரவிய கருந்தொப்பி மரபு திசைகாட்டியையே கைவிட்டு, வாசலை வைத்து அறைகளைப் பிரிக்கும். ஒரு முறையில் செல்வ மூலையாகும் இடம் மற்றொன்றில் ஆகாத மூலையாகலாம். தமக்குள் ஒத்துப்போகாத அளவுகோல்களால் எதையும் அளக்க முடியாது.

திசை விதியைச் சோதித்துப் பார்க்க லயத்தைவிட நல்ல இடம் இல்லை. லயம் மலையின் மட்டத்தை ஒட்டி நீளவாக்கில் எழுந்தது. ஒரு தகரக்கூரையின் கீழ் பல குடும்பங்கள். எல்லாக் காம்பரா அறைக்கும் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணை ஒரே பக்கம். திசைதான் வாழ்வைத் தீர்மானிக்கும் என்றால் அத்தனை பேருக்கும் ஒரே பலன் விளைந்திருக்க வேண்டும். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் மறுபக்கத்தாருக்கு நேரெதிர்த் திசை. பலன் நேரெதிராக இல்லை. இரு பக்கமும் அதே கூலி, அதே புகை. மனையடிப் பட்டியலையும் வைத்துப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் 10 நல்லது, 12 ஆகாது என்று வரும். ஆகாது என்ற தீர்ப்பு சரிபோலத் தெரிகிறது, காரணம் பிழை. பின்சுவரில் சன்னல் இல்லை, அடுப்புப் புகைக்கு வழியில்லை, ஒரே அறையில் மூன்று தலைமுறை. தோட்டக் கம்பனி சுவர் எழுப்பிய காலத்தில் நாளையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.

நிறைகளையும் அதே கறாரோடு சொல்ல வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது, நீர் எங்கே போகிறது, படுத்தபடியே வாசல் தெரிகிறதா என்று வடிவ மரபு கேட்கும் கேள்விகள் குடியிருப்பவரின் பக்கம் நின்று கேட்பவை. கட்டட வரைபடம் பல நேரம் அவற்றைக் கேட்பதில்லை. அடுப்பைத் தென்கிழக்கில் வைக்கச் சொல்லும் நம் அக்னி மூலையும் ஓரளவு தேறுகிறது. ஆடியில் தென்மேற்கிலிருந்தும் மார்கழியில் வடகிழக்கிலிருந்தும் காற்று வர, தென்கிழக்கு மூலைப் புகை பெரும்பாலும் வீட்டின் ஓரமாகவே வெளியேறும். ஆனால் அப்புத்தளை, எல்ல போன்ற மலையிடைவெளிகள் காற்றைத் திருப்பிவிடும். அடுப்பு போடுமுன் அந்த இடத்தில் சருகு கொளுத்திப் புகை போகும் பக்கத்தைப் பார்ப்பது எந்தத் திசைகாட்டியையும்விட நம்பகமானது.

மிகக் கடுமையாக எடைபோட வேண்டிய விதி 'முதுகுக்கு மலை' என்பது. மூலமரபு கேட்பது அணைத்து நிற்கும் மலையை. வெட்டிய மண்மேட்டை அது கேட்கவில்லை. சுருக்கிச் சொல்லும் கைநூல்கள் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டன. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அங்கே அபாய எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அந்த மக்கள் சாஸ்திரம் பார்த்து அங்கே குடியேறியவர்கள் அல்லர். உரிய காலத்தில் மாற்றுமனை கிடைக்காதவர்கள். ஆகவே அந்தப் பழியை ஃபெங் சுயியின் தலையில் போடுவது நியாயமில்லை. எனினும் மலையைக் காவலாக மட்டும் எண்ணும் விதி ஊவாவில் ஆபத்தான அறிவுரை. நிலவெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று, கலங்கிய பீலி நீர் ஆகியவற்றைப் படிப்பதுதான் இங்கே வடிவத்தைப் படிப்பது.

புதுவீட்டுக்காரருக்கு இருக்கும் சுதந்திரமும் சிறிது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் சிறு காணியில் 550 சதுர அடி வீடு. வரைபடம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. சமையலறைச் சன்னல், கட்டில் கிடக்கும் இடம், வீட்டுக்குப் பின்னால் வெட்டும் கான், கழிவறைக் குழியின் தூரம் ஆகியவையே பெரும்பாலும் மிஞ்சுகின்றன. அந்த அளவுக்குள் வடிவ மரபின் கேள்விகள் பயன்படும். அதன் பதில்களை இந்த மலையில் காரணம் கேட்டே ஏற்கலாம். திசைகாட்டி மரபு தேறவில்லை. காசு கவ்விய தவளையும் சிரிக்கும் புத்தரும் சந்தைச் சரக்கு, மதிப்பீட்டுக்கே வரவில்லை.

மனை தேர்கிறவர் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். அடுத்துப் பின்கானையும், பிறகு அடுப்புப் புகையையும் பாருங்கள். வாசலின் திசை நாலாவதாக வரட்டும், அதுவும் காணியில் இடமிருந்தால்.