நொடிகளை விற்ற பந்தயம்

பந்தயத்தின் இயல்பைக் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. குதிரைவீரர் என்னும் பொருளைப் பெயரிலேயே தாங்கிய இராவுத்தர்கள் வாழும் நிலம் இது. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு எனத் தரம் பிரித்து மாட்டுவண்டிகள் பாய்வதை நம் சாலைகள் கண்டுள்ளன. நாணயம் இட்டால் மட்டும் ஓடும் பந்தயம் எத்தகையது? இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஓட்டும் கார்களின் முன்னோடிகளுள் ஒன்றாகிய 'போல் பொசிசன்' என்னும் ஆட்டத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1982இல் அதனை வெளியிட்டது. அமெரிக்காவில் அடாரி நிறுவனம் பரப்பியது. 1983இல் அந்நாட்டு விளையாட்டுக் கூடங்களில் மிகுந்த வருவாய் ஈட்டிய பொறி அதுவே. 1974இல் வந்த 'கிரான் டிராக் 10' பாதை முழுவதையும் வானிலிருந்து நோக்குவதுபோலக் காட்டிற்று. பின்வந்த இதுவோ ஆடுபவனின் பார்வையைக் காரின் பின்னே நிறுத்தி, ஃபுஜி பந்தயத் திடலின் சாலையை அவனை நோக்கிப் பாயவிட்டது. வெற்றிக்கு இக்காட்சி நயமே காரணம் என்பர். நாம் அதனோடு அமையோம்.

சூட்சுமம் காலக்கணக்கில் உள்ளது. முதலில் தனியே ஒரு சுற்று ஓட்டித் தகுதி பெறவேண்டும். பெற்றவனுக்கே புறப்படும் எட்டு இடங்களுள் ஒன்று கிட்டும். மோதினால் கார் வெடித்துச் சிதறும். சற்றைக்கெல்லாம் பழுதின்றி மீளும். இழப்பவை நொடிகளே. அவை தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. மறுபடி நாணயம் இடவேண்டும். வேகத்தைக் காட்டிக் காலத்தை விற்றனர் எனலாம். அரபியில், பந்தயக் குதிரையைப் பழக்கும் களத்திற்கும் பழக்கும் காலத்திற்கும் 'மிள்மார்' என்னும் ஒரே சொல் வழங்கும். மொழி அறிந்த அவ்வுறவை வணிகர் காசாக்கினர்.

திறமையான படைப்பே, ஐயமில்லை. எனினும், திரையில் தோன்றும் ஃபுஜி மலை வளைவுதோறும் இடவலமாக நகருமேயன்றி, எத்துணை விரைந்தாலும் அணுகி வாராது. தேனியிலிருந்து குமுளி செல்வோனுக்கோ மலை கண்முன் வளர்கிறது. அவன் அதில் ஏறி ஊர் சேர்கிறான். மாட்டுவண்டிப் பந்தயத்திலும் பின்தங்கியவன் எல்லைவரை ஓட்டலாம். நடுவழியில் அவனை நிறுத்தி எவரும் காசு கேட்பதில்லை.

சிதறிய வண்டி மீளும், சென்ற நொடி மீளாது என்பது அப்பொறியின் விதி. நம் மலைச்சாலையின் விதியோ இரண்டும் மீளா என்பது. திரையில் கை பழகிய இளைஞர், சாலையில் இறங்குமுன் இவ்வேறுபாட்டை நெஞ்சிற் பதிப்பாராக.